பெடிக்யூரும் பாதப் பராமரிப்பும்: பார்லர் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெடிக்யூரில் மசாஜும் நெயில் பாலிஷும் பழகப் பழகச் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். கால் ஊறவைக்கும் டப்பை எப்படிக் கழுவுவது, எந்தக் காலைத் தொடாமல் டாக்டரிடம் அனுப்புவது என்ற இரண்டையும்தான் பல இடங்களில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. கஸ்டமருக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் தொடங்குகிறது. ஆகவே இங்கே அவற்றுக்கே அதிக இடம்.

2000-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில், ஒரே நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. ஆறுவதற்கு மாதக்கணக்காயிற்று, தழும்பும் தங்கியது. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற பாக்டீரியா. குழாய்த் தண்ணீரில் சாதாரணமாக இருக்கக்கூடியதுதான். அந்த நிலையத்தின் சுழல்நீர் டப்புகளில் தண்ணீரை உள்ளிழுக்கும் சல்லடைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பின்னால் முடியும் தோல் துகளும் அப்பிக்கிடந்தன. பாக்டீரியா அங்கே பெருகியிருந்தது. வருவதற்கு முன் காலை ஷேவ் செய்திருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாக ஏற்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டப்புகளில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

எந்த டப் வாங்குவது

புதிதாகக் கடை போடுபவர், தண்ணீரைப் பீய்ச்சிச் சுழற்றும் ஜெட் வைத்த டப்பில் பணம் போடாமல் இருப்பது நல்லது. ஜெட்டின் உள்குழாய்களைக் கையால் தேய்க்க முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஹீட்டரிலும் ஜெட் துளைகளிலும் வெள்ளைப் படிவு ஏறும். அந்தச் சொரசொரப்பில் சோப்பும் எண்ணெயும் தோலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜெட் டப்பின் விலைக்கு, 6 முதல் 8 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பேசின்கள் மூன்று வாங்கிவிடலாம். மடிப்போ மூலையோ இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பில் நாளடைவில் கீறல் விழும், கீறலுக்குள் பிரஷ் போகாது.

மூன்று ஏன்? ஒரு பேசின் உபயோகத்தில் இருக்கும்போது இன்னொன்று மருந்தில் ஊறும், மூன்றாவது காய்ந்து தயாராக இருக்கும். ஒன்றே ஒன்று இருந்தால், சனிக்கிழமை மாலை கூட்டத்தில் ஊறவைக்கும் பத்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஒவ்வொரு கஸ்டமருக்குப் பிறகும்

தண்ணீரைக் கொட்டுங்கள். சோப்புத் தூளும் பிரஷும் கொண்டு உள்பக்கம், விளிம்பு, கைப்பிடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி அலசுங்கள். அடுத்து விளிம்பு வரை கிருமிநாசினிக் கரைசலை நிரப்பி 10 நிமிடம் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பேப்பர் டவலால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். டப்புக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் உறையான லைனர் போட்டு வேலை செய்திருந்தாலும் இதே முறைதான். லைனரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தேய்த்துக் கழுவுவது முதலில், மருந்து பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெயும் தோல் துகளும் இருந்தால் மருந்தில் உள்ள குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமியை எட்டாது. கால் ஊறும் தண்ணீரில் நாலு சொட்டு ஆன்டிசெப்டிக் விடுவதும் மூடி அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் டப்பைக் கிருமிநீக்கம் செய்யாது.

கரைசலுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் மலிவானது, எளிதில் கிடைக்கும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் கணக்கு இப்படி: 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி விட்டால் ஏறக்குறைய 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) வரும். டப்புக்கு இது போதும். 6 லிட்டர் பேசினுக்கு 120 மில்லி. ரத்தம் பட்ட இடத்துக்கு 1 பங்கு மருந்தும் 9 பங்கு தண்ணீரும் கலக்க வேண்டும். அது 5000 பி.பி.எம். அளவு ஜாடியால் அளந்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம். கலந்த கரைசலை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். வெயில் படும் அலமாரியில் வைத்த பாட்டிலும், வாங்கிப் பல மாதமான பாட்டிலும் வீரியம் இழந்திருக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. கரைசல் எவர்சில்வரையும் மெல்ல அரிக்கும் என்பதால் 10 நிமிடம் தாண்டி விடாதீர்கள்.

பென்சல்கோனியம் குளோரைடு உள்ள கரைசல் வாங்கினால் லேபிளில் சொன்ன அளவும் நேரமும்தான் அளவுகோல். கடின நீரிலும், அலசாமல் விட்ட சோப்பிலும் அதன் வேகம் குறையும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள்.

ஜெட் டப் ஏற்கெனவே இருக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் கரைசலோடு ஜெட்டை 10 நிமிடம் ஓடவிடுங்கள். அன்றாடம் கடை மூடும் முன் சல்லடைத் தகட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேயுங்கள்.

கருவிகள்

கருவிகளை வாங்கும்போதே இரண்டாகப் பிரியுங்கள். நகவெட்டி, நிப்பர் (தோல் நுனியை வெட்டுவது), புஷர் (நகத்தின் அடியோரத் தோலைத் தள்ளுவது), ஸ்டீல் ஃபுட் ஃபைல் போன்றவை கழுவிக் கிருமிநீக்கம் செய்து திரும்பப் பயன்படுத்தக்கூடியவை. எமரி ஃபைல், ஆரஞ்சு ஸ்டிக், விரலிடுக்கு ஸ்பாஞ்ச், பஃபர், பியூமிஸ் கல் ஆகியவற்றில் துளைகள் உண்டு. உள்ளே போன கிருமியை வெளியேற்ற வழியில்லை. ஒரு காலுக்குப் பயன்படுத்தியதும் குப்பையில் போடுங்கள், அல்லது அந்தக் கஸ்டமர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். பியூமிஸ் கல்லை வெயிலில் காயவைத்து அடுத்தவர் குதிகாலில் தேய்ப்பது பல கடைகளில் நடக்கிறது. சேற்றுப்புண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அது போதும்.

ஸ்டீல் கருவிகளுக்குச் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் குக்கர் வகை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் பாத்திரம்) வாங்குங்கள். பழைய டூத்பிரஷ்ஷால் மூட்டுகளையும் பற்களையும் தேய்த்துக் கழுவி, துடைத்து, 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வையுங்கள். பையில் போட்டு ஒட்டியிருந்தால் 30 நிமிடம். அழுத்தம் ஏறிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். நிப்பரை வாய் திறந்த நிலையில் வையுங்கள், மூடிய வாய்க்குள் ஆவி போகாது. பையின் மேல் உள்ள பட்டை நிறம் மாறியதா என்று பார்த்த பிறகே அலமாரிக்குப் போகட்டும். கஸ்டமர் முன்னால் பையைக் கிழித்து எடுப்பது நல்ல வழக்கம்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கருவியைத் துடைப்பதைக் கிருமிநீக்கம் என்று எண்ண வேண்டாம். ஸ்பிரிட் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். நீல விளக்கு எரியும் யு.வி. பெட்டி, ஏற்கெனவே சுத்தமான கருவியை வைத்திருக்க மட்டும்தான். ஒளி படாத பக்கத்தில் அது எதையும் செய்யாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம் வரை உயிர்ப்போடு இருக்கும் என்பதால் இங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை. நாளுக்கு எட்டுக் கஸ்டமர் என்றால் ஐந்து செட் கருவி வைத்துக்கொண்டு, மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை ஆட்டோகிளேவ் போட்டால் தட்டுப்பாடு வராது.

தண்ணீரில் விடுவதற்கு முன்: கேளுங்கள், பாருங்கள்

கேட்க வேண்டியவை ஐந்து. சுகர் இருக்கிறதா? கால் மரத்துப்போகிறதா, எரிகிறதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார்களா? காலில் எப்போதாவது ஆறாத புண் வந்ததா? இன்றோ நேற்றோ காலை ஷேவ் அல்லது வாக்ஸ் செய்தார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமென்றால் ஒரு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். ஷேவ் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும். “ஃபார்ம் நிரப்புங்கள்” என்று காகிதத்தை நீட்டினால் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவார்கள். பேச்சோடு பேச்சாகக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பாலிஷை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். விரலிடுக்குகள், குதிகால் ஓரம், மெட்டிக்கு அடியில் எதையும் விடாதீர்கள். மெட்டியைக் கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பலருக்கு அது மனசுக்கு ஒப்பாது. சற்று நகர்த்தி அடியில் துடைத்துப் பார்த்தால் போதும். அடியில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் அதைச் சொல்லுங்கள். நகத்தில் மருதாணி இருந்தால் அடிநிறம் தெரியாது. நகம் தடித்திருக்கிறதா, பொடிந்து உதிர்கிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

கீழே சொல்பவை கண்ணில் பட்டால் அன்றைக்கு பெடிக்யூர் இல்லை:

- திறந்த புண், சீழ், விரலிடுக்கில் வெடித்த சேற்றுப்புண்
- சிவந்து வீங்கி வலிக்கும் நகச்சுத்தி, சதைக்குள் வளர்ந்த நகம்
- மஞ்சளாகித் தடித்துப் பொடியும் நகம்
- ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதையில் வலி (ரத்தக் குழாயில் உறைவு இருக்கலாம், மசாஜ் செய்யவே கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்)
- அடிபடாமலே நகத்தில் புதிதாக வந்த கருங்கோடு, அகலமாகிக்கொண்டே போகும் கரும்புள்ளி

‘பூஞ்சை’ என்றோ ‘கேன்சர்’ என்றோ பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை. “இந்த நகத்தை ஒரு ஸ்கின் டாக்டர் பார்த்துவிடட்டும், அதன் பிறகு செய்துகொள்ளலாம்” என்று சொல்லுங்கள். பாலிஷ் பூசி மறைத்துக் கொடுப்பதுதான் பெரிய தவறு. கால் நகம் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளரும். பெருவிரல் நகம் முழுதாக மாற ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். மறைத்த ஒவ்வொரு மாதமும் சிகிச்சையை நீட்டிவிடும்.

வேலையின் வரிசை

உங்கள் கையை சோப்பால் கழுவி நைட்ரைல் கையுறை போடுங்கள். நகத்தை உலர்ந்த நிலையிலேயே வெட்டுங்கள். ஊறிய நகம் உப்பி வளைந்திருக்கும், காய்ந்ததும் நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். மிகத் தடித்த நகம் மட்டும் விலக்கு, அது ஊறிய பிறகு. குறுக்காக நேராக வெட்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் வெளியே விடுங்கள். மூலையைத் தோண்டி எடுக்காதீர்கள். உள்ளே விட்ட கூர்முனை வளரும்போது சதையைக் குத்தும், இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கஸ்டமர் நகச்சுத்தியோடு வருவார். கூர்மையான முனையை ஃபைலால் மழுக்கினால் போதும். ஃபைலை ஒரே திசையில் இழுங்கள், முன்னும் பின்னும் அறுத்தால் நகம் அடுக்கடுக்காகப் பிரியும்.

தண்ணீர் 37 முதல் 40 டிகிரி. தெர்மாமீட்டரால் பாருங்கள். சூட்டுக்குப் பழகிய கையை நம்ப முடியாது. 5 முதல் 10 நிமிடம் ஊறினால் போதும். அரை மணி நேரம் ஊறிய தோல் வெள்ளையாகச் சுருங்கி, ஃபைல் எவ்வளவு எடுக்கிறது என்றே தெரியாமல் போகும்.

நகத்தின் அடியோரச் செத்த தோலை இளக்கும் கியூட்டிக்கிள் ரிமூவரை வைத்து, லேபிளில் போட்ட நேரம் கழித்துப் புஷரால் மெல்லத் தள்ளுங்கள். நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய செத்த தோலை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் உயிருள்ள மடிப்பு, கிருமி உள்ளே போகாமல் அடைக்கும் தோல். நிப்பர் அதைத் தொடக் கூடாது. தொங்கும் தோல் நுனியை வெட்டலாம், இழுக்கக் கூடாது.

ஸ்க்ரப் செய்யும்போது எலுமிச்சைச் சாற்றைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் உண்டு. வெடிப்பு உள்ள குதிகாலில் அது எரியும், சொரசொரப்பான உப்போடு சேர்ந்தால் தோலைக் கீறும். நேர்த்தியான பொடி உப்பும் எண்ணெயும் கலந்து இரண்டு நிமிடம் தேய்த்தால் வேண்டிய பலன் கிடைத்துவிடும். மசாஜ் விரலிலிருந்து முழங்கால் நோக்கி, மேல்நோக்கிய அழுத்தம். நரம்பு சுருண்டு புடைத்த கெண்டைக்கால் மேல் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். இங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் நிதானமாகச் செய்யுங்கள், கஸ்டமர் பணம் தருவதில் பாதி இதற்காகத்தான்.

விரலிடுக்குகளைத் தனித்தனியாக ஒற்றி உலர்த்துங்கள். மாய்ஸ்சரைசர் பாதம் முழுக்க, இடுக்கில் மட்டும் வேண்டாம். பாலிஷுக்கு முன் நகத்தட்டை ரிமூவரால் ஒரு முறை துடையுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் இரண்டு நாளில் பெயர்ந்து வரும். பேஸ் ஒன்று, நிறம் மெல்லியதாக இரண்டு, டாப் ஒன்று. தடிமனாக ஒரே பூச்சு பூசினால் மேல் காய்ந்து அடி குழைவாகவே இருக்கும், வீட்டுக்குப் போய்ப் போர்வை பட்டதும் அச்சு விழும்.

காய்ப்பு, பித்தவெடிப்பு, கால் ஆணி

ஷேவிங் பிளேடு பொருத்திய கருவியால் குதிகாலைச் சீவுவது விரைவாக முடியும், கஸ்டமருக்கும் அந்தக் கணம் திருப்தியாக இருக்கும். இருந்தாலும் அது பார்லரில் இருக்கக் கூடாத கருவி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதைத் தடை செய்துள்ளன. செத்த தோல் எங்கே முடிகிறது என்பது பிளேடு பிடித்த கைக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் தவறினால் ரத்தம். காய்ப்பு என்பது அழுத்தத்துக்கு எதிராக உடம்பு போட்டுக்கொள்ளும் கவசம். முழுக்கச் சீவினால் நடக்கும்போது வலிக்கும், முன்பைவிட வேகமாகத் தடிக்கும்.

ஃபைலை உலர்ந்த தோலில், அல்லது துடைத்து லேசான ஈரத்தோடு இருக்கும்போது பயன்படுத்துங்கள். முதலில் சொரசொரப்பான பக்கம், பிறகு 180 கிரிட் என்ற மென்மையான பக்கம். இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கினாலோ, கஸ்டமர் ‘சூடாக இருக்கிறது’ என்றாலோ அங்கே நிறுத்துங்கள். ஒரே நாளில் பட்டுப்போல் ஆக்கிவிடுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு முறை வந்து, வீட்டில் தினமும் இரவு 10 முதல் 25 சதவீத யூரியா கிரீம் தடவிக் காட்டன் சாக்ஸ் போட்டால் பித்தவெடிப்பு மூடும். வெடிப்பின் விளிம்பை மட்டும் தேயுங்கள், பிளவுக்குள் போக வேண்டாம். காய்ப்பை இளக்கும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள காலஸ் ஜெல் வலுவான காரம். காய்ப்பின் மேல் மட்டும், லேபிள் சொன்ன நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நன்றாகக் கழுவி எடுங்கள்.

கால் ஆணி, காய்ப்பு, மரு மூன்றும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினால் வலிக்கிறது, உள்ளே கரும்புள்ளிகள் தெரிகின்றன என்றால் மருவாக இருக்கலாம். மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும். ஆணியையும் மருவையும் தோண்டி எடுப்பது பார்லர் வேலை இல்லை.

சுகர் உள்ளவர் வந்தால்

2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உள்ளது. உங்கள் நாற்காலியில் அவர்கள் அன்றாடம் உட்காருவார்கள். சிலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. பல ஆண்டு நீரிழிவு பாதத்தின் உணர்வைக் குறைக்கும், ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வலி தெரியாத கால் எவ்வளவு ஆபத்தானது என்பது வேலூரிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், கால் விரல்கள் நோயால் தானாக அழிவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களால்தான் அழிகின்றன என்று காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் உருவான இப்ஸ்விச் தொடு சோதனை. கஸ்டமரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தொட்டதும் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. அவரை நீரிழிவுப் பாத சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள், பெடிக்யூர் செய்யாதீர்கள். முன்பு கால் புண் வந்தவருக்கும், விரல் எடுக்கப்பட்டவருக்கும் இதே பதில்தான்.

உணர்வு நன்றாக உள்ள சுகர்காரருக்குச் செய்யலாம், ஆனால் குறைத்து. ஊறவைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். காலஸ் ஜெல், சாலிசிலிக் ஆசிட் உள்ள கால் ஆணி பிளாஸ்டர், நிப்பர் மூன்றும் வேண்டாம். நகத்தை வெட்டுவதைவிட ஃபைல் செய்வது மேல். ஃபுட் ஃபைல் லேசாக மட்டும். கடைசியில் செருப்பையும் பாருங்கள். உள்ளே ஆணி முனை, கிழிந்த வார் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாத நிலையில் உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை டாக்டர் எழுதித் தருவார்.

ரத்தம் வந்தால்

வேலையை உடனே நிறுத்துங்கள். கஸ்டமரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலை ஓடும் தண்ணீரில் கழுவி, புதிய காஸ் துணியால் அழுத்திப் பிடித்து, ஆன்டிசெப்டிக் வைத்து ஒட்டுப்போடுங்கள். எல்லோருக்கும் பொதுவான படிகாரக்கல்லை வைத்துத் தேய்க்காதீர்கள். வெட்டிய கருவியைத் திரும்பத் தொடாமல் ஒதுக்கி, தேய்த்துக் கழுவி ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். ரத்தம் கலந்த தண்ணீரில் ஹைப்போகுளோரைட் கலந்து 10 நிமிடம் கழித்துக் கொட்டுங்கள். காஸையும் கையுறையையும் தனிப் பையில் கட்டுங்கள். கூர்மையான குப்பைக்குத் துளை விழாத, மூடியுள்ள டப்பா ஒன்று எப்போதும் இருக்கட்டும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டார் என்று கேளுங்கள். சுகர் உள்ளவரானால் சின்ன வெட்டானாலும் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். தேதியோடு நோட்டில் எழுதி, மறுநாள் போன் போட்டுக் கேளுங்கள்.

உங்கள் உடம்பு

வேலைக்குச் சேருமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்குங்கள். தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று தவணை. ஃபைல் செய்யும்போது மாஸ்க் போடுங்கள், நகத் தூள் மூச்சில் போகும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் வேலை செய்யும் மேசைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இல்லாத ஏ.சி. அறையில் நாள் முழுக்க ரிமூவர் வாசனையில் உட்கார்ந்தால் தலைவலி வரும். ஸ்டூல் உயரம், கஸ்டமரின் பாதம் உங்கள் மடி அளவுக்கு வரும்படி இருந்தால் இடுப்பு தாங்கும்.

முறையான பயிற்சிக்கு அழகு மற்றும் நலவாழ்வுத் துறைத் திறன் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் மெனிக்யூர், பெடிக்யூர் பணிக்கெனத் தனித் தகுதித் தரம் உண்டு. பயிற்சி மையத்தில் சேரும் முன் அங்கே ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, மாணவர்கள் அதைக் கையாளுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அலமாரியில் பூட்டிக்கிடந்தால் வேறு மையம் தேடுங்கள்.